மாமியாரைத் திருடியவள்

திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கோழியைத் திருடலாம், வாழைத்தாரைத் திருடலாம். புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக்கூடத் திருடினார்கள். யார் என்று எனக்குத் தெரியும், இப்போது அது பேச்சில்லை. ஆனால் எண்பத்தொரு வயதுக் கிழவியை, அதுவும் டோன்யா மொன்சேயை, அவள் சம்மதம் இல்லாமல் ஓர் அடி நகர்த்த முடியுமா? புயலே முயன்று பார்த்துத் தோற்றுப் போனது.

ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டு அவில்டா எல்லோரிடமும் சொல்கிறாள். எனெய்தா புருஷனை விட்டு ஓடினாளாம். போகும்போது அவன் அம்மாவையும் தள்ளிக்கொண்டு போனாளாம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் தெருவையே இருட்டில் தள்ளினாளாம். இத்தனைக்கும் பின்னால் ஒரு லைன்மேன் இருக்கிறானாம். ஒரே வாயில் நான்கு பொய்யை வைத்துக்கொண்டு, கூடவே ரொட்டியும் மெல்லக் கூடியவள் அவில்டா.

ஓடினாள் என்கிறீர்களே, எங்கே ஓடினாள்? என் வீட்டுக்கு. கசில்டா வீடு எங்கே என்று இந்த மேட்டுத் தெருவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். எனெய்தாவின் வாசலுக்கு நேர் எதிர் வாசல். நடுவே ஒரு தார்ச்சாலை. வலிக்கிற முட்டியோடு நான் எண்ணியிருக்கிறேன், பதினேழு அடி. சாலையைத் தாண்டியவளை ஓடிப்போனவள் என்று சொல்லும் ஊரில், ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனால் செத்தே போனாள் என்பார்கள் போலிருக்கிறது.

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்களும் கேட்கலாம், மறந்துவிட்டது போலத்தான் பேசுகிறீர்கள்.

எனெய்தா கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் சமையல் செய்தவள். நூற்று எண்பது பிள்ளைகளுக்குச் சோறு, பீன்ஸ், வெள்ளிக்கிழமையானால் கோழி. அளவுக் கரண்டி என்று ஒன்றை அவள் கையில் யாரும் பார்த்ததில்லை. அரிசிமேல் தண்ணீர் ஏறுவதைக் கண்ணாலேயே அளந்து நிறுத்துவாள். இந்தத் தெருவில் இன்றைக்கு அவளைப்பற்றி வாய் கிழியப் பேசுகிற பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவில்டாவின் பிள்ளைகள் மூன்று பேரும் இரண்டாம் தடவை தட்டை நீட்டியவர்கள்.

அவ்வளவு பேருக்குப் போட்டவள், வீட்டில் மேஜை முன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, தட்டை ஒரு கையில் ஏந்தி, மறுகையால் மாமியாருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுப்பாள். கட்டிக்கொண்டு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் துவரை போட்டுச் சோறு வைத்தாள். மாமியார் மொன்சே ஒரு வாய் எடுத்துவிட்டு உப்புப் போதவில்லை என்றாள். அடுத்த ஞாயிறு உப்பைக் கூட்டினாள். அப்போதும் போதவில்லை. இருபத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் உப்புப் போதவே இல்லை. கடலையே காய்ச்சிக் கொட்டியிருந்தாலும் மொன்சேயின் தீர்ப்பு மாறியிருக்காது.

புருஷன் பெர்ட்டோ. முழுப்பெயர் எரிபெர்ட்டோ. நல்லவன்தான். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அந்த நற்குணம் வாசற்படியோடு நின்றுவிடும், உள்ளே வராது. பக்கத்து வீட்டுக்காரன் கூரைக்கு ஆணி அடிக்கக் கூப்பிட்டால் ஏணியோடு ஓடுவான். சொந்த வீட்டுக் குழாய் பதினோரு மாதம் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே எனெய்தா ஒரு வாளியை வைத்து, அந்தத் தண்ணீரில் செடி வளர்த்தாள்.

பிறகு அந்தப் புயல் வந்தது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தப் பெயருள்ள பெண்கள் எங்கள் தெருவில் நான்கு பேர். பல மாதம் அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. புவேர்ட்டோ ரிக்கோ முழுக்க ஒரு கம்பம் நேராக நிற்கவில்லை. பெர்ட்டோ வீட்டில் மூன்று பேரும் குளியலறைக்குள் புகுந்துகொண்டார்கள். மொன்சே கழிவறைக் கோப்பையை மூடி அதன்மேல் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். எனெய்தா அவள்மேல் மெத்தையைச் சாய்த்துத் தன் முதுகால் முட்டுக்கொடுத்தாள். பெர்ட்டோ கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கூரைத் தகரம் அத்தனையும் போனது, கதவு நின்றது. அன்றிலிருந்து, "புயலை நான் இந்தக் கையால பிடிச்சு நிறுத்தினேன்" என்று அவன் சொல்லாத ஆள் இல்லை. கூரையை ஏன் பிடித்து நிறுத்தவில்லை என்று நான் ஒரு தடவை கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கூரைக்கு நீலத் தார்பாய் வந்தது. கரண்ட் வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், எனெய்தாவுக்கு வேலையும் போயிற்று. போயிற்று என்று எப்படிச் சொல்வது? வேலை மூன்று மடங்கு ஆயிற்று. மலை ஊற்றிலிருந்து தண்ணீர் தூக்குவது, துணியைக் கல்லில் துவைப்பது, தகர டப்பாவில் வந்த மாமிசத்தை மனிதர் தின்னும்படி செய்வது. பெர்ட்டோவுக்கும் வேலை இருந்தது. காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுவிட்டு, தீவு எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று வந்து சொல்வான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை மொன்சேயின் மருந்து. கிழவிக்குச் சர்க்கரை, கால் செயலற்றுச் சக்கர நாற்காலியோடுதான் வாசம். நாளுக்கு இரண்டு ஊசி. அந்த இன்சுலினைக் குளிரில் வைக்கவேண்டும். பிரிட்ஜ் செத்த பெட்டியாக நிற்கிறது. எனெய்தா பொழுது விடியும்போதே ஐஸ் வரிசையில் போய் நிற்பாள், பத்து மணிக்கு ஒரு பையோடு மேடேறுவாள். அது உருகித் தீர்ந்ததும் சோற்றுச் சட்டிக்குள் ஈரத்துணியைச் சுற்றி, நடுவே மருந்துக் குப்பிகளை வைத்து, மூடிமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். குழந்தைக்கு ஜுரம் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, மணிக்கொரு தரம் அந்தக் குப்பிகளைத் தொட்டுப் பார்ப்பாள்.

அந்தச் சட்டியைப்பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் என் பாவமும் இருக்கிறது.

நவம்பரில், அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் இருக்கும் அவர்கள் மகள் யாரெலிஸ் கப்பலில் ஒரு ஜெனரேட்டர் அனுப்பினாள். பெட்டியின் நான்கு பக்கமும் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தாள்: பாட்டியின் பிரிட்ஜுக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது, பெர்ட்டோதான் தெருவில் நின்று உரக்கப் படித்துக் காட்டினான். படிக்கத் தெரிந்தவனுக்கு அதன் பொருள் தெரியவில்லை. எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது.

முதல் நாள் பிரிட்ஜுக்குத்தான் போட்டான். எனெய்தா குப்பிகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். இரண்டாம் நாள் நெஃப்தலி வந்தான். சலூனில் முடிவெட்டும் மெஷினுக்கு ஒரே ஒரு வயர் கேட்டான். பெர்ட்டோவுக்குத்தான் இல்லை என்று சொல்ல வராதே. ஓர் ஆரஞ்சு வயர் தெருவில் ஓடியது. மூன்றாம் நாள் அவில்டா வீட்டு மின்விசிறிக்கு ஒன்று. பிறகு ஒருவன் டிவிக்கு, ஒருவன் போனுக்கு. ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்து ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது ஆரஞ்சு வயர். மேலே நின்று பார்த்தால் பெர்ட்டோவின் வீடு கால் பரப்பிய சிலந்தி மாதிரி இருந்தது.

வாசலில் இருந்த சீமைப்பலா மரத்தைப் புயல் மொட்டையடித்திருந்தது. அதன் கிளையில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கீழே டோமினோ ஆடும் மேஜையைப் போட்டான். சாயங்காலமானால் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். அதுவரை 'ஏய் பெர்ட்டோ' என்று இருந்தவன் மரியாதையாக டோன் பெர்ட்டோ ஆனான். அப்புறம் 'மேயர்' என்று கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

அந்த ஜெனரேட்டர் சின்னது. பிரிட்ஜ் என்பது பொறுமையான பிராணி இல்லை. சும்மா கிடக்கும், திடீரென்று உறுமி எழுந்துகொள்ளும். எழும் ஒவ்வொரு முறையும் தெருவே கண் சிமிட்டும். மரத்துப் பல்பு மங்கும், நெஃப்தலியின் மெஷின் முனகும், டிவியில் பந்து அடிக்கப்போகும் நேரத்தில் படம் சுருங்கும். மேஜையிலிருந்து சத்தம் வரும்: "மேயர், உங்க பொண்டாட்டி பிரிட்ஜ் எங்க ஆட்டத்தைக் கெடுக்குது." இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் உள்ளே போய்ப் பிரிட்ஜைப் பிடுங்கினான்.

எனெய்தா கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை அவளே என்னிடம் சொன்னாள். ஒன்பது குடும்பத்துக்கு எதிராக ஒரு பெட்டியா? ஊர் முதலில், வீடு பிறகு. பிரிட்ஜுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் தரப்படும், பெட்ரோல் மிச்சம் இருந்தால். மிச்சம் இருக்கவே இருக்காது. அவள் மறுபடியும் சட்டிக்கும் ஈரத்துணிக்கும் போனாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மொன்சேக்கோ பெருமை தாங்கவில்லை. வருகிறவனெல்லாம் அவள் மகனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். "எம் புள்ள இல்லன்னா இந்தத் தெருவே குருடு," என்றாள். எனெய்தா அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டே, "கையை ஆட்டாதீங்க டோன்யா மொன்சே, மேயரோட அம்மாவுக்குக் காயம் பட்டா எனக்குத்தான் ஜெயிலு," என்றாள். கிழவி சிரித்துவிட்டாள். சிரித்ததை உடனே இருமலாக்கிவிட்டாள்.

டிசம்பரில் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்தது. எங்கள் பக்கம் என்றால் சாலைக்கு இந்தப் பக்கம் மட்டும். எங்கள் கம்பி தண்ணீர் பம்புக்குப் போகிற கம்பி. அந்தப் பக்கத்துக் கம்பி எதற்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில்தான் அவில்டாவின் லைன்மேன் வருகிறான். வெளியூரிலிருந்து வந்த தாடிக்காரன், மலை மாதிரி ஆள், எங்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. எனெய்தா சாலையைக் கடந்து வந்து அவனுக்குக் காபியும் சோறும் கொடுத்தாள், அவள் வீட்டுக் கம்பத்தைக் கையால் காட்டினாள். அவன் தன் காகிதத்தைக் காட்டினான், அந்தக் கம்பம் அதில் இல்லை. சோற்றை வழித்துத் தின்றுவிட்டுப் போனான். அவ்வளவுதான் அந்தக் காதல். நான் அங்கேயே நின்றேன், காந்தல் சோறு கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொன்னதே நான்தான்.

கரண்ட் வந்த அன்றே எனெய்தாவிடம் சொன்னேன், மருந்தைக் கொண்டுவந்து என் பிரிட்ஜில் வை என்று. அவளுக்குச் சம்மதம். கிழவிக்குத்தான் இல்லை. கசில்டாவிடம் குளிர் கடன் வாங்குவதைவிடக் கண் அவிந்து போகலாம் என்றாளாம்.

அதற்குக் காரணம் அந்தச் சட்டி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் என் தங்கை கல்யாணத்துக்கு மொன்சேயிடம் அவளுடைய பெரிய சோற்றுச் சட்டியை வாங்கினேன். இருபது வருஷம் சோறு வைத்துப் பழகிய சட்டி. உள்ளே எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்து வழவழவென்று இருக்கும், சோறு தானாகக் கழன்று வரும், காந்தல் ஒரே தகடாக எழும்பும். நான் சின்னவள். வாங்கிய பொருளைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்து, மணலும் கம்பிச்சுருளும் போட்டு ஒரு பகல் முழுக்கத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொன்சே உள்ளே பார்த்தாள், தன் முகம் தெரிந்தது. ஒரு பிணத்தை வாங்குவது போல அதை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு விட்ட பேச்சு.

எனெய்தா ஒரு தடவை சொல்லாமலே ஒரு குப்பியை என்னிடம் வைத்து, மறுநாள் எடுத்துப் போனாள். கிழவி அதை மூக்கருகே கொண்டுபோய், "இதுல கசில்டா வீட்டுக் கருவாடு அடிக்குது," என்று சொல்லி அன்றைக்கு முழுவதும் ஊசிக்குக் கையே நீட்டவில்லை. என் பிரிட்ஜில் அன்று கருவாடு இருந்தது உண்மைதான். அதற்குப் பிறகு எனெய்தா அவளுக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை. ஒளித்துச் செய்து அவள் ஊசியே வேண்டாம் என்றால் யார் பதில் சொல்வது?

கிறிஸ்துமஸ் கழிந்ததும் கிழவி தண்ணீர் தண்ணீர் என்றாள். குடம் குடமாகக் குடித்தாள். பேச்சுக் குறைந்தது, மொன்சேக்குப் பேச்சுக் குறைந்தால் அது சாதாரணமில்லை. ஒரு காலை எனெய்தா கிழவியின் மூத்திரச் சட்டியை எடுக்கப் போனாள், அதைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிவாக இருக்கவேண்டிய மருந்து கலங்கிக் கிடந்தது. ஈரத்துணி தோற்றுவிட்டது.

அவள் டோமினோ மேஜைக்கே போய்ப் பெர்ட்டோவிடம் சொன்னாள். அவன் காய்களை அடுக்கிக்கொண்டே, ராஜாக்கள் திருநாள் முடியட்டும், அதன் பிறகு பிரிட்ஜுக்கு முழு நாளும் தருகிறேன் என்றான். தெருவுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான்: குறுக்கே வண்ண விளக்குச் சரம், ஸ்பீக்கரில் பாட்டு, பிள்ளைகள் ராஜாக்களின் ஒட்டகத்துக்குப் புல் வைக்கும் பெட்டிகளுக்கு மேலே ஒரு நட்சத்திரம். ஒட்டகத்துக்குக்கூட ஏற்பாடு இருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் எனெய்தா மருத்துவக் கூடாரத்துக்கு நடந்து போனாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவே வரிசை. நர்ஸ் இரண்டு புதுக் குப்பி கொடுத்தாள். இனிக் கப்பல் வர இரண்டு வாரமாகும், இந்த இரண்டும் கெட்டால் கொடுக்க என்னிடம் வேறில்லை, துணி சட்டி வைத்தியமெல்லாம் வேண்டாம், குளிர், குளிர் மட்டும்தான் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாளாம்.

எனெய்தா மேடேறி வரும்போது மாலை நான்கு மணி. இந்த மணியை நினைவில் வையுங்கள். தெருவை இருட்டாக்கினாள் என்கிறார்களே, சூரியன் அப்போது மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் என் வாசலில் துவரை உரித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் கண்ணெதிரே நடந்தது.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் குப்பிகளை வைத்துவிட்டுப் பிரிட்ஜின் வயரைக் கொண்டுவந்து சொருகினாள். பிரிட்ஜ் உறுமியது. விளக்குச் சரம் மங்கியது, ஸ்பீக்கரில் பாட்டுக்குத் தொண்டை கட்டியது. பெர்ட்டோ வந்து பிடுங்கினான். அவள் சொருகினாள். அவன் பிடுங்கினான். மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் தடவை அவள் பிரிட்ஜை விட்டுவிட்டு, ஆரஞ்சு வயர் ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவசரமே இல்லை. பள்ளிக்கூடத்தில் சோறு வெந்தபின் அடுப்புகளை வரிசையாக அணைப்பாளே, அந்த மாதிரி.

பாட்டு நின்றது. நெஃப்தலியின் சலூனிலிருந்து ஓர் ஆள் துண்டோடு வெளியே வந்தான். தலையில் ஒரு பாதி மொட்டை, மறுபாதி காடு. அது அவில்டாவின் புருஷன். மறுநாள் திருநாள் பூசைக்கு அவன் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான், பாதிரியார் கழற்றச் சொன்னார், கழற்றினான். அவில்டா எதற்காக நான்கு பொய் சொல்கிறாள் என்று இப்போது விளங்கியிருக்கும்.

பெர்ட்டோவின் முகம் சிவந்துவிட்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவனுக்கு நஞ்சு. யாரும் இல்லாதிருந்தால் விட்டுக்கூடக் கொடுத்திருப்பான்.

"என் மானத்தை வாங்கறியா? ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

"எனக்கு எத்தனை நாளும் முடியும். அந்த மருந்துக்கு முடியாது," என்றாள் எனெய்தா.

அவன் பிரிட்ஜின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, தோளில் மாட்டிக்கொண்டான். ஆரஞ்சு வயர்களைத் திரும்பச் சொருகத் தொடங்கினான். நான்காவது வயருக்கு வந்தபோது ஜன்னலிலிருந்து குரல் கேட்டது. பத்து நாளாக அந்தக் குரல் தெருவுக்கு வந்திருக்கவில்லை.

"பெர்ட்டோ."

"அம்மா, நீங்க உள்ள இருங்க. இது இவளுக்கும் எனக்கும்."

"தெருவுக்கு விளக்கு, வீட்டுக்கு இருட்டு," என்றாள் மொன்சே. "எங்கம்மா இதை உங்கப்பனைப் பாத்துச் சொன்னா. அன்னிக்கு நான் உங்கப்பன் பக்கம் நின்னேன். முட்டாள்தனம் பண்ணினேன்."

மேஜையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பழமொழி எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒன்பது வயர்களுக்கு நடுவே நிற்கிறவனைப் பார்த்து, பெற்றவளே சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நெஃப்தலி மெதுவாகத் தன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவனுக்காவது வெட்கம் இருந்தது. பெர்ட்டோ ஐந்தாவது வயரைச் சொருகினான். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அம்மா சொன்னபிறகும் ஐந்தாவது வயரைச் சொருகினான்.

எனெய்தா உள்ளே போனாள். அவள் என்ன எடுத்தாள் என்றும் கதை கட்டியிருக்கிறார்கள். நகை எடுத்தாளாம், பத்திரம் எடுத்தாளாம். அவள் மாற்றுத் துணி ஒரு பையில் எடுத்தாள். சட்டிக்குள் புது ஈரத்துணி விரித்துக் குப்பிகளை வைத்தாள். மொன்சேயைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அந்தச் சட்டியை அவள் மடியில் கொடுத்தாள். "எங்கே போறோம்னு தெரியுமில்ல?" என்று கேட்டாளாம். "எனக்குக் காலுதான் இல்ல, கண்ணு இருக்கு. நேர் எதிர்ல எவ வீட்டுல கரண்ட் எரியுது?" என்றாளாம் கிழவி.

கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். படியில் நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கினாள், ஒரு படி, இரண்டு படி. உதவிக்கு நெஃப்தலி ஓர் அடி முன்னால் வந்தான். அவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டான். சாலையில் ஆரஞ்சு வயர்கள் குறுக்கே கிடந்தன. ஒவ்வொரு வயர் மேலும் சக்கரம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் சட்டி மூடி டங் என்றது.

பெர்ட்டோ மரத்தடியிலிருந்து கத்தினான். "நாளைக்கு விருந்துக்கு இருபது பேர் வர்றாங்க. யாரு சமைக்கறது?"

எனெய்தா திரும்பவில்லை. மொன்சேதான் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "ஜெனரேட்டரைக் கேளு," என்றாள்.

பதினேழு அடி. நான் மடியில் இருந்த துவரையைக் கொட்டிவிட்டு எழுந்து நின்றேன். கிழவி என் வாசற்படியில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, மூக்கைத் தூக்கினாள். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"இன்னும் கருவாடுதானா?"

"பிடிக்கலன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்க," என்றேன்.

அவள் சட்டியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். "இதுல உன் கை பட்டுது, அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

எனெய்தா சட்டியைத் திறந்து குப்பிகளை எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டி நேரே என் சமையலறைக்குப் போனாள். கருவாட்டைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளி, இரண்டு குப்பிகளையும் மேலே வைத்துக் கதவைச் சாத்தி, அதில் காதை வைத்தாள். பிரிட்ஜ் உறுமியது. அவள் நிமிர்ந்து கூரையில் எரிந்த பல்பைப் பார்த்தாள். அது மங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள், அதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. பிறகு மொன்சேக்கு ஊசி போட்டுவிட்டு, மேஜையடியிலிருந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சோறு நான்தான் வைத்தேன். துவரை போட்டு, அதே சட்டியில். சட்டியைத் தொட்டு ஏற்றி இறக்கியது எனெய்தா, கழுவுவதும் அவளே என்று பேச்சு, என் கையில் கரண்டி மட்டும். மொன்சே ஒரு வாய் எடுத்தாள்.

"உப்புப் போதல," என்றாள்.

எனெய்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டை நீட்டி, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.